பாடும் கொசுவும் பேர்க் குழப்பமும்



முதல் வருஷத்தில் நம்மில் பல பேருக்குத் தலைவலி கொடுத்தது கணக்கு இல்லை, பெயர்கள்தான். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவனுக்கு வெர்ட்டெக்ஸ், ஏபெக்ஸ், சைக்ளாய்டு, சோலினாய்டு எல்லாம் ஒரே மாதிரிதான் காதில் விழும். வீட்டில் போய் அர்த்தம் கேட்கலாம் என்றால், எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆளே நான்தான். அதனால் உருப்போடாமல் பெயரைப் பிரித்துப் பார்க்கும் வழியை ஒரு கொசுவை வைத்து இங்கே சொல்கிறேன். கொசுவா என்று சிரிக்க வேண்டாம். அதன் பெயருக்குள் நம்ம ஒர்க்‌ஷாப்பே இருக்கிறது.

1. ஆள் யார்?

ஐரோப்பாவில் வீட்டைச் சுற்றிச் சர்வ சாதாரணமாகக் காணப்படும் கொசுவின் பெயர் கியூலெக்ஸ் பிபியன்ஸ். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர் இது. தேங்கிய தண்ணீரில் பெண் கொசு முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தெப்பம் மாதிரி மிதக்க விடும். ஒரு தெப்பத்தில் நூற்றுக்கு மேல் முட்டைகள் இருக்கும். குளிர்காலத்தில் ஆண் கொசுக்கள் செத்துப்போகும். பெண் கொசுக்கள் மட்டும் நிலவறை, குகை போன்ற இடங்களில் அசையாமல் கிடந்து, வெயில் வந்ததும் வெளியே வரும்.

இதற்குப் பிடித்தது பெரும்பாலும் பறவை ரத்தம். அதுதான் ஆபத்தும்கூட. பறவைகளிடம் இருக்கும் வெஸ்ட் நைல் வைரஸ் இந்தக் கொசு மூலம் மனிதனுக்கு வருகிறது. 1996இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரிலும் சுற்றுப்புறத்திலும் நூற்றுக்கணக்கானோர் இந்த நோயால் பாதிக்கப்பட்டார்கள்.

2. கியூலெக்ஸ், பூலெக்ஸ், சைமெக்ஸ்

லத்தீன் மொழியில் கியூலெக்ஸ் என்றால் கொசு. பூலெக்ஸ் என்றால் தெள்ளுப்பூச்சி. சைமெக்ஸ் என்றால் மூட்டைப்பூச்சி. மூன்றுமே ரத்தம் குடிப்பவை. அப்படியானால் 'எக்ஸ்' என்பதற்கு ரத்தம் குடிப்பது என்று அர்த்தமா? அப்படி முடிவு கட்டினால் நம்ம டிராயிங் ஹாலில் இருக்கும் ஏபெக்ஸும் வெர்ட்டெக்ஸும் ரத்தம் குடிக்க வேண்டும்! 'எக்ஸ்' என்பது லத்தீன் பெயர்ச்சொற்களின் ஒரு முடிவு, அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு லாபம் உண்டு. வெர்ட்டெக்ஸ் பன்மையில் வெர்ட்டிசஸ் ஆவதுபோல, கியூலெக்ஸ் வேறு சொல்லோடு சேரும்போது 'கியூலிக்' என்று மாறும். அதனால்தான் கொசுக் குடும்பம் முழுவதற்கும் கியூலிசிடே என்று பெயர். இன்னொரு குட்டிப் பூச்சிக்கு கியூலிக்காய்டஸ் என்று பெயர். இதில் வரும் 'ஆய்டு' கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. 'உருவத்தில் அதைப் போன்றது' என்று பொருள். ஆக, கியூலிக்காய்டஸ் என்றால் கொசு போன்றது, கொசு அல்ல. நம்ம தென்னிந்திய ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். இனி சைக்ளாய்டு என்றால் வட்டம் போன்றது, சோலினாய்டு என்றால் குழாய் போன்றது. மறக்குமா?

3. பிபியன்ஸும் பைப்பும் பீப்பாயும்

பிபியன்ஸ் என்றால் 'கீச்சிடுகிற' என்று அர்த்தம். கோழிக்குஞ்சு மாதிரி மெல்லிசாகக் குரல் கொடுப்பது. கொசுவுக்குத் தொண்டை இல்லை. ஒரு செகண்டுக்குச் சில நூறு தடவை இறக்கை அடிப்பதால் வரும் சத்தம் அது. அமெரிக்காவில் ஒரு தவளைக்கும் 1782இல் இதே பிபியன்ஸ் என்ற பெயரை வைத்தார்கள். காரணமும் அதேதான், குரல்.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். கீச்சிடுவது என்ற அந்த லத்தீன் சொல்லில் இருந்து முதலில் ஊதுகுழலுக்குப் பெயர் வந்தது. பிறகு குழல் வடிவில் இருந்ததற்கெல்லாம் அதே பெயர் ஆனது. அதுதான் நம்ம பைப். போர்ச்சுகீசியர்கள் மது ஊற்றி வைக்கும் பெரிய மரக்கலனை 'பீப்பா' என்றார்கள். அவர்கள் வழியாகத் தமிழுக்கு வந்து அது பீப்பாய் ஆயிற்று. ஆக கொசுவின் பெயரும், அது முட்டையிடுகிற பீப்பாயின் பெயரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

4. சொந்தம் போல் தெரியும், சொந்தம் இல்லை

ஐரோப்பாவில் பிபிஸ்ட்ரெல் என்று ஒரு சின்ன வௌவால் உண்டு. கீச்சிடும், கொசுவையும் தின்னும். பிபியன்ஸுக்குச் சொந்தக்காரன் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பெயர் இத்தாலிய மொழி வழியாக வந்தது. அதன் மூலம் 'மாலை நேரம்' என்று பொருள் தரும் வேறொரு லத்தீன் சொல். மிளகுக் கொடியின் அறிவியல் பெயரில் 'பைப்பர்' என்று வருகிறது. அதற்கும் பைப்புக்கும் சம்பந்தம் இல்லை. அது நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் திப்பிலியின் சமஸ்கிருதப் பெயரான பிப்பலி, கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போன சொல்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பாருங்கள். லத்தீனில் ஏடிஸ் என்றால் வீடு, கோயில். சிவில் பிரிவு நண்பர்கள் படிக்கும் எடிஃபிஸ் அதில் இருந்து வந்ததுதான். வீட்டுக்குள் வளரும் கொசுவுக்கு வீடு என்று பெயர், பொருத்தம்தானே என்று தோன்றும். ஆனால் 1818இல் மெய்கன் வைத்த இந்தப் பெயர் கிரேக்கச் சொல். அதன் பொருள் 'வெறுப்பூட்டுவது'. அதே வருஷம் அவர் அனாபிலஸ் என்றும் பெயர் வைத்தார். அதற்குப் பொருள் 'பயனற்றது'.

5. பெயர் வைத்தவரின் கதை

லின்னேயஸின் மாணவர் ஃபோர்ஸ்கால். எகிப்தில் மனிதனைக் கடித்துத் தொல்லை தந்த ஒரு கொசுவுக்கு மொலெஸ்டஸ் என்று பெயர் எழுதினார். 'தொந்தரவு தருவது' என்று அர்த்தம். அங்கிருந்து ஏமன் நாட்டுக்குப் போனவர், 1763இல் மலேரியா கண்டு இறந்தார். வயது 31. அவர் எழுதியது 1775இல்தான் அச்சானது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் வழி கண்டுபிடித்தது 1897இல். கொசுவுக்குத் 'தொந்தரவு' என்று பெயர் வைத்த மனிதருக்கு, இன்னொரு கொசுதான் தன் உயிரையே எடுக்கிறது என்று தெரியாமலே போய்விட்டது.

மொலெஸ்டஸும் பிபியன்ஸும் பார்வைக்கு ஒன்றேதான். ஆனால் மொலெஸ்டஸ் குளிர்காலத்தில் தூங்காது, மனிதனைத் தேடிக் கடிக்கும், முதல் தடவை ரத்தம் குடிக்காமலேயே முட்டையிடும். இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் தங்கியவர்களை இது கடித்ததால், 'லண்டன் சுரங்கக் கொசு' என்று பெயர் வந்தது. சுரங்கத்திலேயே புதிதாக உருவான வகை என்றும் பலர் நம்பினார்கள். 2025இல் வெளியான மரபணு ஆய்வு, இந்த வகை ஆயிரம் வருஷத்துக்கும் முன்பே மத்தியதரைக் கடல் பக்கம் தோன்றியது என்று காட்டியது. பட்டப்பெயர் ஆளை ஏமாற்றிவிட்டது.

6. நமக்கு என்ன?

நம்ம ஊர்ச் சாக்கடையில் வளர்ந்து யானைக்கால் நோயைப் பரப்புவது பிபியன்ஸ் அல்ல, அதன் நெருங்கிய உறவான குவின்குஃபேசியேட்டஸ். 'ஐந்து பட்டை கொண்டது' என்று பொருள். பழைய புத்தகங்களில் இதையே ஃபேட்டிகன்ஸ் என்று எழுதியிருப்பார்கள். இரண்டு பெயர், ஒரே கொசு.

இதன் இடம் அழுக்குத் தண்ணீர். ஏடிஸின் இடம் நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர். 'எல்லாம் கொசுதானே' என்று சாக்கடைக்கு மட்டும் மருந்து அடித்துவிட்டுப் பீப்பாயைத் திறந்து போட்டால் டெங்கு நிற்காது. பெயரைச் சரியாகப் பிரித்து அறிவது பரீட்சைக்கு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே நண்பர்களே, புதுச் சொல் ஒன்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மொழிச் சொல்? எங்கே பிரியும்? இதே துண்டு வேறு எந்தப் பாடத்தில் வருகிறது? காது சொல்வதை உடனே நம்ப வேண்டாம், அகராதியைப் புரட்டுங்கள். நம்ம லைப்ரரியில் அது அலமாரியில் சும்மாதான் தூங்குகிறது. அப்படியே ஹாஸ்டல் பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பீப்பாயையும் மூடி வையுங்கள்.