பழைய அவுட்போர்டு மோட்டாரின் கார்புரேட்டர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மோட்டார் இழுவை குறைந்தாலும், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பற்றாமல் அடம்பிடித்தாலும், கரையில் நிற்கும் அத்தனை பேரும் சொல்வது ஒன்றுதான்: "கார்பரேட்டர்ல அடைப்பு." அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காற்றுத் திருகைத் திறக்க மறந்த டேங்க், கிழிந்த டயஃப்ரம், தண்ணீர் கலந்த பெட்ரோல், கருகிய பிளக் எல்லாமே கார்புரேட்டர் கோளாறு மாதிரியே நடிக்கும். குற்றமே செய்யாத கார்புரேட்டரைக் கழற்றி, கேஸ்கெட்டைக் கிழித்து, ஜெட்டைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகும்.

இங்கே பேசுவது ஃபைபர் படகுகளின் பின்னால் தொங்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களைப் பற்றி. பெட்ரோலில் ஓடுபவையும் உண்டு, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுபவையும் உண்டு. இவற்றுக்கு ஒரு விஷயம் பொது. எரிபொருளில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கும் ஒரே வழுவழுப்பு. ஜெட்டில் பாதி அடைப்பு என்றால் எரிபொருள் மட்டும் பாதியாகவில்லை, ஆயிலும் பாதியாகிவிட்டது. "வேகம்தானே கொஞ்சம் கம்மி, ஓட்டிக்கலாம்" என்று சில வாரம் தள்ளினால், ஒருநாள் முழு ரேசில் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் சுத்தம் ஒரு மதிய வேளை வேலை. பிஸ்டன் பிடித்தால் போரிங் செலவு, நடுக்கடல் ஆபத்து, பல நாள் தொழில் நட்டம்.

செய்ய வேண்டியவை

டேங்கிலிருந்து தொடங்குங்கள். மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடியிருந்தால் மோட்டார் சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சடைத்து நிற்கும். அடுத்து, டியூபின் நடுவிலுள்ள ரப்பர் பல்பைக் கவனியுங்கள். கையில் மானி எதுவும் இல்லாதவருக்கு அதுதான் மானி. ஓட்டத்தின் நடுவே பல்ப் சப்பிப் போனால் அடைப்பு டேங்க் பக்கம். எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால், டியூப் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது, அல்லது ஃப்ளோட் நீடில் மூடாமல் கார்புரேட்டர் வாய் வழியாக எரிபொருள் வழிகிறது. மோட்டார் திணறும் நேரத்தில் பல்பை அமுக்கியதும் உயிர் வந்தால், கார்புரேட்டரை விட்டுவிட்டு எரிபொருள் பம்பின் டயஃப்ரத்தைப் பாருங்கள்.

கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தங்கினால் அது தண்ணீர். இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகமானது. இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது அதுதான். அதிலுள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டியூப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆயிலே இல்லாத திரவம் சிலிண்டருக்குப் போகும். கடற்கரையில் வாரக்கணக்கில் கேனில் கிடந்த பெட்ரோலைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பழைய மோட்டார்களின் டியூபும் ரப்பர் வாஷரும் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. ஊறிப் பிய்ந்து வரும் துகளே ஜெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் எரிபொருளுக்கென்றே விற்கும் டியூபை வாங்கி மாற்றிவிடுங்கள்.

பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் படியுங்கள். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் எரிபொருள் போதவில்லை. கறுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் அதிகம். இரண்டு கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் ஒரு பிளக் ஈரமாகவும் மற்றது வறண்டும் இருந்தால், வறண்ட பக்கத்துக் கார்புரேட்டரைத்தான் கழற்ற வேண்டும். மற்றதைத் தொட வேண்டாம். தீப்பொறியையும் அப்போதே சோதித்துவிடுங்கள்: பிளக்கை இன்ஜின் உடலோடு நன்றாகத் தொட வைத்து, வழிந்த எரிபொருளைத் துடைத்துவிட்டுக் கயிற்றை இழுங்கள். பொறி நீலமாக, சுள்ளென்று வர வேண்டும்.

இனிதான் கார்புரேட்டர். எந்த நிலையில் தகராறு செய்கிறது என்று கவனித்தாலே எந்தத் துளை என்று தெரிந்துவிடும். ஸ்லோவில் நிற்காமல் அணைந்து, ரேஸ் கொடுத்தால் ஓடினால் ஸ்லோ ஜெட்டிலோ அதன் வழியிலோ அடைப்பு. ஸ்லோவில் ஒழுங்காக ஓடி, ரேஸ் கொடுத்ததும் திணறி விழுந்தால் மெயின் ஜெட். சோக்கு இழுத்தால் மட்டுமே ஓடுகிறதென்றால் ஏதோ ஒரு வழியில் எரிபொருள் குறைகிறது, அல்லது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் வழியாக வேண்டாத காற்று நுழைகிறது. ஓடும்போது அந்த ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். கார்புரேட்டர் வாயிலிருந்து எரிபொருள் வெளிப்பக்கமாகப் பீச்சினால் ரீட் வால்வின் தகடு உடைந்தோ வளைந்தோ இருக்கும். அதற்குக் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மாற்றுகிறோம். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி, ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் மறுநாள் விடியலில் மோட்டார் பற்றாது. கார்புரேட்டரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை: கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி மண்ணெண்ணெயை வடித்து, பெட்ரோலை ஏற்றினால் போதும்.

கழற்றுவதென்று முடிவானால், ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுங்கள். ஏர் ஸ்குரூவைக் கழற்றுமுன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் தட்டுகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டும். நீடில், ரப்பர் வளையம், பிளாஸ்டிக் பாகம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் உலோக உடலுக்கு மட்டும் கிளீனர் அடியுங்கள். பிறகு ஒவ்வொரு துளையிலும் காற்று அடித்து, மறுமுனையில் வெளிவருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஒரு துளையில் அடிக்கும் கிளீனர் எதிர்பாராத இன்னொரு துளையிலிருந்து நேரே கண்ணுக்கு வரும். ஜெட்டில் பிசின் மாதிரி படிந்து போகாவிட்டால் கிளீனரில் ஊறவிட்டு, துளையைவிட மெல்லிய தங்கூஸ் நரம்பை நுழைத்து எடுங்கள். நைலான் பித்தளையைக் கீறாது. உப்புக் காற்றில் அலுமினியம் பூத்து வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அதை முழுவதும் எடுத்தாக வேண்டும். துளையின் ஓரத்தையே அரித்திருந்தால் அந்தக் கார்புரேட்டர் சுத்தத்தால் தேறாது, மாற்றத்தான் வேண்டும்.

ஃப்ளோட் நீடிலின் கூர்முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, எரிபொருள் நுழையும் குழாயில் சுத்தமான டியூபை மாட்டி ஊதுங்கள். ஃப்ளோட்டின் கனத்தில் நீடில் மூடிக்கொள்வதால் காற்று போகக்கூடாது. நேராகத் திருப்பினால் போக வேண்டும். ஃப்ளோட்டின் உயரம் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டிலுள்ள அளவுக்கு வையுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

மாட்டிய பின் த்ராட்டில் கம்பிகளைச் சரிபாருங்கள். இரண்டு கார்புரேட்டர்களின் தகடுகளும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூட வேண்டும். பழைய மோட்டார்களில் தீப்பொறியின் நேரமும் இந்தக் கம்பியோடு சேர்ந்தே நகரும். அது பிசகினால், எவ்வளவு சுத்தமான கார்புரேட்டரும் ரேசில் தடுமாறும். பலர் இங்கே வந்துதான், "கழுவியும் சரியாகவில்லை" என்று மறுபடி கழற்றுகிறார்கள்.

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஓட்டிப் பார்ப்பது தொடக்கம் மட்டும்தான். மெயின் ஜெட் வேலை செய்வது சுமையில். டிரம்மில் பாட்டுப் பாடும் மோட்டார் கடலில் படகை இழுக்கும்போது திணறலாம். முதல் ஓட்டத்தைக் கரையோரமாக, துணைக்கு இன்னொரு படகு பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் படகில் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

ஜெட்டை எஃகுக் கம்பியாலும் ஊசியாலும் குத்தாதீர்கள். அந்தத் துளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்குப் பார்த்துத் துளைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் பெரிதானாலும் எரிபொருளின் அளவு மாறிவிடும், அதைத் திரும்பச் சிறிதாக்க முடியாது.

ஏர் ஸ்குரூ அடியில் தட்டிய பிறகும் அதை முறுக்கி இறுக்காதீர்கள். கூர்முனையில் பள்ளம் விழுந்து, பிறகு எந்தச் சுற்றில் வைத்தாலும் ஸ்லோ நிற்காது. ஸ்லோ கோளாறு என்றதும் முதல் வேலையாக இந்தத் திருகைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். அடைபட்ட துளையைத் திருகி நேராக்க முடியாது. முன்பிருந்த நல்ல அளவும் தொலைந்துபோகும்.

தண்ணீர் இல்லாமல் ஒரு விநாடிகூட ஓட்டாதீர்கள், "பற்றுகிறதா பார்ப்போம்" என்பதற்குக்கூட. ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கருகும், பிறகு குளிர்விக்கும் தண்ணீரே ஏறாது. டிரம்மில் தண்ணீர் உறிஞ்சும் துளைக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். டிரம்மில் முழு ரேஸும் வேண்டாம்.

பிளக் வயரைக் கழற்றித் தொங்கவிட்டபடி கயிற்றை இழுக்காதீர்கள். பொறி போக வழியில்லாமல் மின்சுற்றைக் கெடுக்கலாம். இன்ஜின் உடலோடு தொட வைத்துவிட்டு இழுங்கள்.

கிளீனர் தெளிப்பானை ரப்பர் மீதும் டயஃப்ரம் மீதும் அடிக்காதீர்கள். காற்றழுத்தக் குழாயை ஃப்ளோட்டும் நீடிலும் மாட்டியிருக்கும்போது உபயோகிக்காதீர்கள். பழைய கேஸ்கெட்டில் கோந்து பூசி மாட்டாதீர்கள். பிதுங்கி உள்ளே போகும் கோந்து அடுத்த அடைப்பு. கேஸ்கெட்டும் நீடிலும் அடங்கிய ரிப்பேர் கிட், கடலில் ஒருநாள் தொழில் போவதைவிட மலிவு. இரண்டு கார்புரேட்டர்களின் பாகங்களை ஒரே தட்டில் கலக்காதீர்கள். சில மாடல்களில் மேலும் கீழும் வேறு வேறு எண்ணுள்ள ஜெட் இருக்கும்.

"ஆயில் கூட்டினால் இன்ஜினுக்கு நல்லது" என்று கலவையை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். ஆயில் கூடும் அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, பிளக்கும் கருகும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் மாடலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் அளவு. அவுட்போர்டுக்கென்று டிசி-டபிள்யூ3 முத்திரையோடு வரும் ஆயிலை வாங்குங்கள்.

பீடி, சிகரெட், அடுப்பு அருகில் இந்த வேலையே கூடாது. வடித்த எரிபொருளை மணலிலோ தண்ணீரிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் பிடியுங்கள். நாளை வலை போடப்போகும் கடல் அது.

நடுக்கடலில் மோட்டார் மூச்சுத் திணறினால்

ரேசைக் குறையுங்கள். அரைச் சோக்கு இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் எரிபொருளும், அதனோடு ஆயிலும், குறைந்திருப்பது உறுதி. அப்போது மெதுவான வேகத்தில் அப்படியே கரைக்குத் திரும்புங்கள். பல்பை அமுக்கினால் ஓடுகிறது என்றால் ஒருவர் அமுக்கிக்கொண்டே வரலாம். என்ன ஆனாலும் முழு ரேஸ் கொடுத்து, "அடைப்பை ஊதித் தள்ளிவிடலாம்" என்று மட்டும் முயல வேண்டாம். கடலில் வைத்து ஜெட்டைக் கழற்றுவதும் வேண்டாம், ஒரு அலைக்கு அது கைநழுவிப் போகும்.

படகு கரையேறி நிற்கும் நாட்களில்

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து படகுகளை மேலே ஏற்றினால், வாரக்கணக்கில் மோட்டார் சும்மா கிடக்கும். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியாகி, ஆயிலும் பிசினும் மட்டும் ஜெட்டின் வாயில் தங்கிக் காயும். பருவம் முடிந்த பிறகு முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட்தான், துளைகளில் அதுவே மிகச் சிறியது. ஏற்றும் அன்றைக்கே மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். பிறகு எரிபொருள் டியூபைப் பிடுங்கி நிறுத்திவிட்டு, கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தை வடியுங்கள். டியூபைப் பிடுங்கிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறவர்களும் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் கடைசிச் சுற்றுகள் ஆயில் குறைந்து ஓடும் என்பதால், திருகைத் திறந்து வடிப்பதையே நான் சொல்வேன். கேனிலுள்ள பழைய பெட்ரோலை அடுத்த பருவத்துக்கு வைக்காதீர்கள்.