மூன்றாவது பிளேடு தரும் இல்லாத பலம்

"ரெண்டு பிளேடுக்குப் பதிலா மூணு பிளேடு போட்டா இழுப்பு ஒன்றரை மடங்கு ஆயிடும் சார்." தில்லியில் சொந்தமாகச் சிறு விமானம் கட்டும் ஆசை உள்ளவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கல்லூரி மாணவன் சொல்கிறான். காஷ்மீரி கேட்டில் உதிரிபாகம் விற்பவர் சொல்கிறார். ஏரோநாட்டிகல் படித்துப் பட்டம் வாங்கியவரும் கூசாமல் சொல்கிறார். இது அடியோடு தவறு. நம்பியவரின் பணம் மட்டும் வீணானால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஓடுபாதை முடியும் இடத்தில் மரங்கள் நிற்கின்றனவே!

புரொப்பெல்லர் தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. எஞ்சின் கொடுக்கும் குதிரைத்திறனை வாங்கிக் காற்றைப் பின்னால் தள்ளுவதுதான் அதன் வேலை. எஞ்சின் 80 குதிரைத்திறன் என்றால், இரண்டு பிளேடானாலும் ஐந்து பிளேடானாலும் பங்குபோடக் கிடைப்பது அந்த 80தான். சம்பளம் அதேதான், வீட்டில் பிள்ளைகள் இரண்டுக்குப் பதில் மூன்று ஆனால் சம்பளம் கூடிவிடுமா?

நின்ற நிலையில் ஒரு புரொப்பெல்லர் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. எஞ்சின் திறன், காற்றின் அடர்த்தி, புரொப்பெல்லர் சுழலும் வட்டத்தின் பரப்பு ஆகிய மூன்றே அதில் வரும். பிளேடுகளின் எண்ணிக்கைக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. விட்டத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், அதே எஞ்சினில் இழுப்பு ஆறேழு விழுக்காடு கூடும். விட்டத்தை மாற்றாமல் பிளேடை மட்டும் கூட்டினால் எஞ்சினுக்குச் சுமை ஏறி ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) விழும். விழாமல் இருக்கப் பிளேடின் சாய்வான பிட்சையோ விட்டத்தையோ குறைத்தாக வேண்டும். விட்டத்தைக் குறைத்தால் நஷ்டம் எங்கே வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு ஏன் பெரிய விமானங்களில் அத்தனை பிளேடு என்று கேட்பார்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் கதையைப் பாருங்கள். முதலில் வந்தவை இரண்டு பிளேடு மரப் புரொப்பெல்லரோடு பறந்தன. எஞ்சின் ஆயிரம் குதிரைத்திறனிலிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டியபோது பிளேடுகள் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறின. சக்தி கூடிக்கொண்டே போனது. தரை இடித்ததால் விட்டத்தைப் பெரிதாக்க வழியில்லை. வேறு வழியில்லாமல் பிளேடைக் கூட்டினார்கள். சக்தி வந்த பிறகுதான் பிளேடு வந்தது. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டார்கள்.

நம் நாட்டுச் சான்றுகளே போதும். இந்திய ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையையே பறக்கப் பழக்கிய எச்ஏஎல் புஷ்பக், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சினோடு இரண்டு பிளேடில்தான் பறந்தது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்சா-3, ரோட்டாக்ஸ் 914 எஞ்சின் போட்டும் இரண்டு பிளேடோடு வந்தது. 1903இல் ரைட் சகோதரர்கள் ஏறத்தாழ 12 குதிரைத்திறனில் எழும்பியதற்கு, எட்டரை அடி விட்டத்தில் மெதுவாகச் சுழன்ற இரண்டு பிளேடு புரொப்பெல்லர்களே துணை. சக்தி குறைவாக இருக்கிறவனுக்குத்தான் பெரிய, நிதானமான வட்டம் தேவை.

இவ்வளவு சொன்ன பிறகும், "நாங்க அளந்து பார்த்தோமே" என்பார்கள். அந்த அளவை லட்சணத்தையும் பார்த்திருக்கிறேன். குர்காவ் தாண்டி ஒரு கொட்டகை. விமானத்தின் வாலை நைலான் கயிற்றால் வேப்பமரத்தில் கட்டி, நடுவில் ஸ்பிரிங் தராசு மாட்டியிருந்தார்கள். மூன்று பிளேடில் முள் மேலே போனது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆர்பிஎம் மானியை யாருமே பார்க்கவில்லை. இரண்டு பிளேடில் எஞ்சின் 5000ஐத் தொடவே திணறியது. மூன்றில் 5600 சுற்றியது. காரணம் எளிது: இரண்டு பிளேடை அதிகப் பிட்சில் வைத்திருந்தார்கள், மூன்றைக் குறைத்து வைத்திருந்தார்கள். எஞ்சின் மூச்சுவிட முடிந்த இடத்தில் அதிகச் சக்தி கொடுத்திருக்கிறது. பாராட்டு மட்டும் மூன்றாவது பிளேடுக்குப் போய்விட்டது.

நின்றபடி அளப்பதே பாதி உண்மைதான். இந்தப் பழக்கம் டிரோன் செய்தவர்களிடமிருந்து வந்தது. டிரோன் காற்றில் நிற்கிற பொருள். அதற்கு நின்ற இழுப்பு சரியான அளவு. விமானம் ஓடுகிற பொருள். குறைந்த பிட்ச் மரத்தடியில் பிரமாதமாக இழுக்கும். 120 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினை வரம்பு மீறிச் சுற்றவிட்டுக் கைவிரித்துவிடும். அதிகப் பிட்ச் உள்ளது நின்ற இடத்தில் காற்றைச் சரியாகப் பிடிக்காமல் சோம்பலாகத் தெரியும். பறக்கும்போது அதுவே உழைக்கும்.

மூன்று பிளேடு நியாயமாகும் இடங்கள் உண்டு. தரைக்கும் பிளேடு நுனிக்கும் இடைவெளி போதாதபோது போடலாம். அதிர்வும் சத்தமும் குறைய வேண்டும் என்றால் போடலாம். நுனி வேகம் எகிறும் இடத்திலும் போடலாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினைக் கியர் இல்லாமல் 3400 ஆர்பிஎம்மில் ஓட்டி, 72 அங்குலப் புரொப்பெல்லர் மாட்டினால் நுனி வினாடிக்கு 326 மீட்டர் போகும். ஜனவரிக் காலையில் தில்லியில் ஒலியின் வேகமே ஏறத்தாழ 334தான். சக்தியெல்லாம் இரைச்சலாகப் போகும். விட்டத்தை 54 அங்குலமாகக் குறைத்துப் பிளேடைக் கூட்டினால் 244 மீட்டர், சமாளிக்கலாம். ஆனால் கியர்பாக்ஸ் உள்ள ரோட்டாக்ஸ் 912க்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அதில் கவனிக்க வேண்டியது வேறு: புரொப்பெல்லரின் சுழல் நிலைமம் 6000 கிலோகிராம்-சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூன்று கனமான பிளேடுகளை மாட்டிவிட்டுக் கியர்பாக்ஸ் தட்டுகிறது என்று பிறகு அழுவதில் பயனில்லை.

மற்ற நம்பிக்கைகளை நாலு வரியில் முடித்துவிடலாம். மரப் புரொப்பெல்லர் பழங்காலத்துச் சரக்கு என்பது பொய். மரம் அதிர்வை விழுங்கும், சோதிக்காத எஞ்சினோடு உலோகத்தைச் சேர்ப்பதுதான் ஆபத்து. ஆனால் மே மாத வறட்சியில் மரம் சுருங்கும், ஜூலை ஈரத்தில் உப்பும். ஹப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துப் பருவத்துக்குப் பருவம் சரிபார்க்காதவர் மரத்தைக் குறை சொல்லக் கூடாது. கோடைக்குத் தனிப் புரொப்பெல்லர் வேண்டாம். 45 டிகிரியில் காற்று குளிர்காலத்தைவிட எட்டில் ஒரு பங்கு இளைத்தாலும், எஞ்சின் சக்தியும் கூடவே இறங்கிவிடும். நீளமான ஓட்டத்துக்கு இடம் பாருங்கள். பிளேடில் பொறித்த பிட்ச் எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். நண்பரின் விமானத்தில் நன்றாக ஓடியது என்பது தகுதிச் சான்றிதழ் ஆகாது.

இந்தக் குழப்பமெல்லாம் அளக்க ஓர் இடம் இல்லாததால் வளர்கிறது. ஒரு காலத்தில் தில்லி சஃப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்த சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம்தான் கே. பி. கணேசன் வடிவமைத்த ரேவதி விமானத்தை 1967இல் பறக்கவிட்டது. பின்னாளில் மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பறக்க அனுமதி கிடைக்க 2019 ஆகிவிட்டது. அனுமதி தரும் சிவில் விமானத் தலைமை இயக்ககமான டிஜிசிஏவின் தலைமையகம் அதே சஃப்தர்ஜங்கின் எதிரில் இருக்கிறது. சொந்தமாகக் கட்டுகிறவர்கள் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் பொதுச் சோதனை மேடை ஒன்றை அங்கே போடச் சொல்லித் தொடர்ந்து கேட்க வேண்டும். முறுக்குவிசை அளக்கும் கருவி, ஒளியால் அளக்கும் ஆர்பிஎம் மானி, அதிர்வுமானி, கம்பி வேலி, தீயணைப்பான், இவ்வளவு போதும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் எந்த விட்டத்தில், எந்தப் பிட்சில், எந்த வெப்பநிலையில் எத்தனை ஆர்பிஎம் வந்தது என்று எழுதி வைக்கும் ஒரு பதிவேடும் வேண்டும். அதை யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும்.