காயப்பட்டவர் விலகல் கடிதம் கொடுக்கலாமா?

தொழிற்சாலையில் கை நசுங்கி வீட்டிலிருப்பவரிடம், "இப்போது விலகல் கடிதம் தாருங்கள், சுகமானதும் வாருங்கள்" எனச் சில நிர்வாகங்கள் கேட்பதுண்டு. அவசரப்பட்டு நாம் கையொப்பமிடலாகாது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்புறுதி வேலையோடு பிணைந்தது; விலகினால் பொதுவாக அதுவும் நின்றுவிடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் வெளியே வாங்கும் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் காப்புறுதியே கைகொடுக்கும்.

நட்டஈடு வேறு உரிமை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி அதைக் கொடுப்பது தொழில்தருநரின் கடமை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது.

ஆகவே விபத்தை உடனே எழுத்தில் அறிவிப்போம். வைத்தியச் சான்றிதழ், பற்றுச்சீட்டுப் பிரதிகளைப் பேணுவோம். காப்புறுதி தொடர்கிறதா என எழுத்திலேயே கேட்போம்.

கலந்துரையாட: நம் பங்கில் இப்படி விலகியவர் உண்டா? தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் அவருக்குத் துணையாகப் போவது யார்?