பசுமைப் பட்டாசு

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த பூமி. அங்கு மழை குறைவு. வற்றாத ஆறும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவிற்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று மீண்டனர். அத்தொழில் வேரூன்றிய மண்ணிலே பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் தழைத்தன. இந்தியாவில் செய்யப்படும் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி இவ்வட்டாரத்ததே. பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன.

பட்டாசினுள் இருவகைப் பொருள்கள் உள்ளன. கந்தகம், கரி, அலுமினியத் தூள் முதலியன எரிபொருள்கள். வெடியுப்பு, பேரியம் நைட்ரேட்டு முதலியன, அவை எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தருவன. மத்தாப்பின் பச்சை ஒளி பேரியம் தருவதே. ஒளி நொடியில் மறைந்துவிடும். நுண்துகளும் புகையுமோ காற்றில் தங்கிவிடும். அவற்றால் குழந்தைகளும் மூச்சிரைப்பு நோயாளரும் பெரிதும் துன்புறுவர்.

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இது குறித்துத் தீர்ப்பு வழங்கியது. பட்டாசை அது முற்றிலும் விலக்கவில்லை. பேரிய உப்புகளைத் தடை செய்து, மாசு குறைந்த பட்டாசுகளையே செய்யவும் விற்கவும் இசைவு தந்தது. தூய காற்று மக்களின் உரிமை. உழைத்து உண்பதும் மக்களின் உரிமையே. சிவகாசியில் ஆலைகள் பல மூடப்பட்டன. தொழிலாளர் வேலையின்றித் தவித்தனர். சிறிய ஆலைகள் தாமே ஆய்வுக்கூடம் அமைத்துப் புதிய கலவை காணுதல் அரிது. ஆதலின் அப்பணியை அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் மேற்கொண்டன.

நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இதில் முன்னின்றது. அதன் ஆய்வால் மூவகைப் பட்டாசுகள் உருவாயின. ‘ஸ்வாஸ்’ என்பது வெடிக்கும்போது நீராவியை வெளிவிட்டுத் தூசியை அடக்கும். ‘ஸ்டார்’ என்பதில் வெடியுப்பும் கந்தகமும் இல்லை. ‘சஃபல்’ என்பதில் அலுமினியம் மிகக் குறைவு. வழக்கமான பட்டாசினும் இவற்றின் நுண்துகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு என மதிப்பிடப்பட்டது. 2019 அக்டோபரில் இவை மக்களுக்கு அறிமுகமாயின.

எனினும் இவை புகையற்ற பட்டாசுகள் அல்ல. பேரியத்தைக் குறைந்த அளவிலேனும் பயன்படுத்த இசைவு வேண்டியபோது, 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மேலும், பெயர் பசுமையாயினும் உள்ளிருப்பது வெடிமருந்தே. சிறு உராய்வும் பேரழிவை விளைக்கும். 2012இல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் உயிரிழந்ததை அவ்வட்டாரம் மறக்கவில்லை. வாங்குவோரின் காற்றைக் காக்கும் ஆராய்ச்சி, மருந்து அடைக்கும் கைகளையும் காத்தல் வேண்டும்.

தீமையைத் தடுப்பது சட்டத்தின் கடமை; தடுக்கப்பட்டதற்கு மாற்றுக் காண்பது ஆராய்ச்சியின் கடமை. இவ்விரண்டும் இணைந்து செல்லாவிடின், அதன் சுமை உழைக்கும் எளியோர் மீதே விழும்.