வீட்டு மரத்துக்கும் ஒரு பட்ஜெட்: மரம் வெட்ட ஆள் கூப்பிடும் முன் இதைப் படிங்க!



சம்பளம் வந்த உடனே இஎம்ஐ, எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ்னு ஒதுக்குறோம். பைக் சர்வீஸ், ஏசி சர்வீஸுக்குத் தனியா எடுத்து வைக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா வீட்டு வாசல்ல நிற்கிற வேப்பமரம், கொல்லையில இருக்கிற மாமரம், தென்னை, இதுக்கெல்லாம் உங்க பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கா?

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. கீழே நின்ற வண்டிகளும் நசுங்கின. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதுக்கு முன்னாடியே மரத்தைப் பார்த்துட்டா செலவு குறையும். மாமரமா இருந்தா, காய்ப்பு முடிஞ்ச பிறகு ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் கவாத்து பண்ண சரியான நேரம்.

மொட்டை அடிச்சா மலிவா?

ரெண்டு பேர்கிட்ட ரேட் கேட்டீங்கன்னு வைங்க. ஒருத்தர், "மேல மொத்தமா மொட்டை அடிச்சிடலாம் சார், 3,000 ரூபாய்" என்கிறார். இன்னொருத்தர், காய்ந்த கிளை, கூரையை உரசும் கிளை, பாரம் அதிகமான கிளை இதை மட்டும் எடுக்க 6,000 கேட்கிறார். நம்ம கை முதல் ஆளுக்குத்தான் போன் பண்ணும்.

கொஞ்சம் பொறுங்க. மரத்துக்கு இலைதான் சமையலறை. மொத்த இலையையும் எடுத்துட்டா, சேமிச்சு வெச்சிருக்கிற சத்தை வெச்சு அவசர அவசரமா புதுக் கிளைகளை விடும். வெட்டின இடத்தோட ஓரத்துல முளைக்கிற அந்தக் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. பெரிய வெட்டுக்காயம் வழியா தண்ணீரும் பூஞ்சையும் உள்ளே போய் தண்டு உளுத்துப்போகும். சில வருஷத்துல மரம் பழைய உயரத்துக்கு வந்துடும், ஆனா முன்னைவிட ஆபத்தா நிற்கும்.

ஒரு கணக்குக்கு, 2 வருஷத்துக்கு ஒரு தடவை 3,000-னா 6 வருஷத்துல 9,000 ரூபாய். இப்போ 6,000, நடுவுல ஒரு தடவை சின்னக் கவாத்துக்கு 1,500 என்றால் மொத்தம் 7,500. தொகை உங்க ஊரைப் பொறுத்து மாறும், கணக்குப் போடுற முறையைப் பிடிச்சுக்கோங்க.

ஆளிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்தெந்தக் கிளை? மரத்தடியில் நின்று காட்டச் சொல்லுங்க. ஒரே நேரத்துல பசுமையான பகுதியில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

2. எப்படி வெட்டுவீங்க? கனமான கிளைன்னா முதல்ல தண்டுக்குச் சற்றுத் தள்ளி அடியில் இருந்து ஒரு வெட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியா மிச்சமிருக்கும் துண்டு. இல்லைன்னா கிளை சாயும்போது தண்டோட பட்டையையும் உரிச்சுட்டுப் போகும். கிளை தண்டோடு சேரும் இடத்துல வீங்கின வளையம் மாதிரி இருக்கும். அதை வெட்டக் கூடாது, காயம் மூடுறது அங்கிருந்துதான்.

3. கரண்ட் கம்பி பக்கத்துல இருக்கா? இருந்தா மின்வாரியத்துக்குச் சொல்லி, லைனை நிறுத்தின பிறகே வேலை.

4. வெட்டின கிளையை அப்புறப்படுத்துறதும் இந்த ரேட்டில் சேர்த்தியா? பக்கத்து வீட்டுச் சுவர் உடைஞ்சா யார் பொறுப்பு? வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்க.

5. கயிறு, பெல்ட், ஹெல்மெட் இருக்கா? இல்லைன்னா அந்த ஆள் வேண்டாம்.

தெருவோர மரம்னா நீங்களே ஆள் வெச்சு வெட்டக் கூடாது. சென்னையில் 1913-க்குப் போன் பண்ணி மாநகராட்சியிடம் சொல்லுங்க.

20 ரூபாய் விஷயம்

மரத்துல இருந்து விழுந்தா ஒரு குடும்பத்தோட வருமானமே நின்னு போகும். பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் வருஷத்துக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். 18 முதல் 70 வயது வரை, பேங்க் கணக்கு இருந்தால் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். வருஷா வருஷம் உங்க தென்னையில் ஏறும் அண்ணன்கிட்ட இது இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா சேர உதவி பண்ணுங்க, அந்த 20 ரூபாயை நீங்களே கொடுங்க. 2 லட்சம் ஒரு உயிருக்கு ஈடாகாது, அதனால பெல்ட் விஷயத்துல சமரசமே வேண்டாம்.

உங்க இன்ஷூரன்ஸ் என்ன சொல்லுது?

வண்டிக்கு தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா, மரம் விழுந்த சேதத்துக்கு ஒரு பைசா வராது. ஓன் டேமேஜ் கவர் வேணும். வீட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல் சேதமும், மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அடங்கும். வாங்கும் முன் விலக்குகளைப் படிச்சுடுங்க.

நீங்களே செய்யக்கூடியவை

- மரத்தைச் சுத்தி சிமென்ட் போடாதீங்க. வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகணும். தில்லியில் மரத்தைச் சுற்றி 1 மீட்டர் அளவுக்கு கான்கிரீட் இருக்கக் கூடாதுன்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. வீட்டுக்கும் அது நல்ல அளவுகோல்.
- குழாய், செப்டிக் டேங்க் வேலைக்குப் பள்ளம் தோண்டும்போது தடிமனான வேரை வெட்ட விடாதீங்க. காற்றில் மரத்தைப் பிடிச்சு வைக்கிறதே அதுதான்.
- அடித்தண்டில் காளான், பொந்து, புதுசா ஒரு சாய்வு, வேர்ப்பக்கம் மண்ணில் வெடிப்பு, இதுல ஏதாவது தெரிஞ்சா தள்ளிப்போடாம அனுபவசாலியைக் கூப்பிடுங்க. வண்டியையும் இடம் மாத்துங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷம் ஒதுக்கி மரத்தைச் சுத்தி வாங்க, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. அடுத்த வருஷம் ஒப்பிட்டா சாய்வு தெரியும். பிறகு மாசம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. வருஷக் கடைசியில 6,000 ரூபாய் கையில இருக்கும். கையில பணம் இருந்தா மலிவான ஆளைத் தேட மாட்டோம், சரியான ஆளைத் தேடுவோம். சொந்த ஊர்ல அம்மா அப்பா தனியா இருக்காங்கன்னா, இந்தப் பதிவை அவங்களுக்கும் அனுப்புங்க.