தனக்கென ஓர் உலை

திருப்பூணித்துறை கொச்சிக்கு அருகில் உள்ள ஊர். ஓணம் வந்தால் ஊரே திரளும். அத்தம் நாளில் அத்தச்சமய ஊர்வலம் நடக்கும். யானையும் மேளமும் தெருவில் வரும்.

அந்த ஊரில் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். வயது 66. ஒரு காலத்தில் எட்டுப் பேருக்குச் சமைத்தவர். இப்போது கணவர் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவர் மட்டும்தான்.

"ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பு?" என்று சமையலை விட்டுவிட்டார். காலையில் டீயும் பன்னும். மதியமும் அதுவே. சில இரவு பட்டினி.

ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார்: "நேற்று என்ன சாப்பிட்டீங்க அம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை பேருக்கு ஆக்கிப் போட்ட கை இது! உங்களுக்கு ஒரு வாய் கஞ்சி வைக்கக் கூடாதா?" என்றார் நர்ஸ்.

மறுநாள் அம்மா உலை வைத்தார். பழக்கத்தில் மூன்று டம்ளர் அரிசி போட்டுவிட்டார். பானை நிறையக் கஞ்சி. பெரும்பகுதி கெட்டுப்போனது. எட்டுப் பேரின் அளவு கைக்குத் தெரியும். ஒருவருக்கான அளவு தெரியவில்லை.

அப்போது அவர் கற்ற எழுத்து உதவியது. எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு இரவு வகுப்பில் எழுதப் படித்தவர் அவர். பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். தினமும் அளவைக் குறைத்துச் சமைத்தார். சரியாக வந்ததும் எழுதி வைத்தார்.

ஒருவருக்குக் கஞ்சியும் பயறும்

மட்டா அரிசி: அரை டம்ளர்
சிறுபயறு: ஒரு கைப்பிடி
தண்ணீர்: அரிசிக்கு 4 டம்ளர்
சின்ன வெங்காயம் 4, பூண்டு 2 பல், மிளகாய் வற்றல் 1
தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி, கறிவேப்பிலை, உப்பு

பயறை 4 மணி நேரம் ஊற வையுங்கள். ஊறினால் சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். அரிசியைக் கழுவி, குழைய வேக விடுங்கள். தண்ணீர் குறைந்தால் வெந்நீர் சேருங்கள். பயறைத் தனியே வேக வைத்து உப்புப் போடுங்கள். வெங்காயம், பூண்டு, மிளகாயை நசுக்கி, எண்ணெயில் கறிவேப்பிலையோடு வதக்கிப் பயறில் கொட்டுங்கள்.

அரிசியோடு பயறு சேர்ந்தால் உடலுக்கு வேண்டிய புரதம் நன்றாகக் கிடைக்கும். டீயும் பன்னும் அந்தச் சத்தைத் தராது. ஒரு வேளைக்கு மட்டும் சமைப்பது நல்லது. சமைத்த சோறு வெளியில் நெடுநேரம் இருந்தால் கிருமி பெருகும். சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அரிசியின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று தாளித்த வாசனை வீடெங்கும் பரவியது. அம்மா முற்றத்துப் பலா மரத்தில் ஓர் இலை பறித்தார். மடித்து ஈர்க்குக் குத்திக் கரண்டி ஆக்கினார். முன்பு மாமியார் அப்படித்தான் செய்வார். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, பாயில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார். நின்றுகொண்டே டீ குடித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. சிரித்துக்கொண்டார்.

2011 கணக்கெடுப்பில், கேரளத்தில் 100 பேருக்கு ஏறக்குறைய 13 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் தனியாக இருப்பவர்களும் உண்டு. தனியாக இருப்பவருக்கும் பசி உண்டு, ருசியும் உண்டு. நமக்காக நாம் சமைப்பது வீண் வேலை அல்ல.

யோசியுங்கள், பேசுங்கள்

1. அம்மாவுக்கு ஏன் தலை சுற்றியது?
2. முதல் நாள் கஞ்சி ஏன் வீணானது?
3. உங்கள் தெருவில் தனியாக இருப்பவர் யார்? இன்று அவர் சாப்பிட்டாரா?

எழுதுங்கள்

உங்களுக்குப் பிடித்த ஓர் எளிய உணவின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே, ஒருவருக்கு வேண்டிய அளவை எழுதுங்கள்.