எருக்கும் எரிக்குத்தப்பியும்

நுழையும்முன்

தோட்டம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன மலர்கள். பூச்சி அரித்த இலையைக் கண்டால் மருந்து தெளிக்க விரைகிறோம். இலை உண்ணப்படுவதற்கென்றே செடி வளர்க்கும் தோட்டமும் உண்டு. அத்தகைய தோட்டத்தைப் பற்றியது இப்பாடம்.

பாடம்

பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் சூழ்ந்த சிற்றூர்களின் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். இஞ்சிவிளை, அமரவிளை, எல்லையைக் கடந்தால் களியக்காவிளை எனப் பல ஊர்ப்பெயர்கள் 'விளை' என்று முடியும். விளை என்பது மேட்டுநிலத் தோட்டம். முற்காலத்தில் ஒரு விளைக்கும் அடுத்த விளைக்கும் இடையே கையாலை எனப்படும் மண்வரப்பு இருக்கும். அதன்மேல் ஆடாதோடை, செம்பருத்தி, சீமைக்கொன்றை முதலியன உயிர்வேலியாக நிற்கும். அவ்வேலியைப் பற்றி வேலிப்பருத்தி, நன்னாரி போன்ற கொடிகள் படரும். வெயில் விழும் மூலையில் எருக்கு தானே முளைத்து நிற்கும். இன்று கையாலை இருந்த இடங்களில் பெரும்பாலும் சிமெண்டுச் சுவர்களே எழுந்துள்ளன. பெயரிலேயே வேலியைக் கொண்ட வேலிப்பருத்திக்குப் படர்வதற்கு வேலி இல்லை.

எருக்கைப் பாராதவர் உங்களில் இருக்கமாட்டீர்கள். ஆளுயரத்துக்கும் மேலாக வளரும் புதர்ச்செடி அது. எதிரெதிராக அமைந்த அகன்ற இலைகளின்மேல் வெண்மையான மாவு படிந்தாற்போல் நுண்மயிர் இருக்கும். எங்கே கிள்ளினாலும் பால் வடியும். பூ வெண்மையாகவோ இளம் ஊதாவாகவோ இருக்கும். ஐந்து இதழ்களின் நடுவே சிறு மகுடம் வைத்தாற்போன்ற அமைப்பைக் காணலாம். காய் முற்றி வெடித்தால் பட்டுப்போன்ற பஞ்சு விதைகளைத் தாங்கிக்கொண்டு காற்றில் பறக்கும். அப்பஞ்சைத் தலையணையில் அடைப்பதும் உண்டு.

இச்செடியைத் தமிழில் எருக்கு என்கிறோம். மலையாளத்தில் எரிக்கு என்றும் வழங்குவர். ஓர் உயிரெழுத்தே வேறுபாடு. கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலையாள மருத்துவரான இட்டி அச்சுதன் முதலியோரிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்ட அந்நூலில், எரிக்கு என்னும் பெயரிலேயே இச்செடி இடம்பெற்றுள்ளது.

எருக்கை நாடிவரும் வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. வெந்தய நிறச் சிறகும், கரிய விளிம்பும், முன்சிறகின் நுனியில் வெண்பட்டையும் உடையது. தமிழில் அதற்கு வெந்தய வரியன் என்று பெயர். மலையாளத்தில் எரிக்குத்தப்பி. இங்கே எல்லையோர மாணவர்கள் சற்றே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தமிழில் தப்புதல் என்றால் பிழைத்து ஓடுதல். மலையாளத்தில் தப்புக என்றால் தேடுதல், கையால் துழாவுதல். ஆகவே எரிக்குத்தப்பி என்பது எருக்கிலிருந்து தப்பியோடியது அன்று. எருக்கைத் தேடித் துழாவுவது.

அப்பெயரை இட்டவர் எவரோ, கூர்ந்து நோக்கியவராகத்தான் இருக்கவேண்டும். தாய்ப்பூச்சி முட்டையிட வரும்போது தாழப் பறந்து, இலைக்கு இலை அமர்ந்து எழும். நான்கு கால்கள் மட்டுமே உடையதுபோல் தோன்றும். உண்மையில் முன்கால்கள் இரண்டும் குறுகி மார்போடு மடங்கியிருக்கும். அந்தச் சிறு கால்களால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை அறிகிறது. தான் தேடிய இலை அதுவே என்று உறுதியானபின், பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் ஒரே ஒரு வெண்முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துபோகும்.

சில நாள்களில் முட்டை பொரியும். வெளிவரும் புழு முதலில் தன் முட்டையோட்டையே தின்னும். பின்னர் இலையைத் தொடங்கும். எருக்கின் பால் பிசுபிசுப்பானது. சிறு புழுவின் வாயை அடைத்துவிடக் கூடியது. ஆகவே புழு முதலில் இலையில் ஒரு பள்ளத்தை வெட்டிப் பால் வரும் வழியைத் தடுத்துவிட்டு, பால் குறைந்த பகுதியைத் தின்கிறது. ஐந்து பருவங்களில் நான்கு முறை தோலுரித்து வளர்ந்த புழுவின் உடலில் கருப்பும் வெண்மையுமான வளையங்களும், மஞ்சள் புள்ளிகளும், மூன்று இணைக் கரிய கொம்பிழைகளும் இருக்கும். பிறகு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து சிறகு விரியும்வரை ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்கள் ஆகும்.

எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் உண்டு. இலையோடு அந்நஞ்சையும் உண்ட புழு, அதைத் தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. இத்தகைய பூச்சியை உண்ணும் பறவை வாந்தியெடுக்கும். அடுத்த முறை அந்நிறத்தைக் கண்டாலே விலகும். அமெரிக்காவில் இதன் உறவினமான மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சியைக் கொண்டு லிங்கன் புரோவர் என்னும் அறிஞர் 1960களில் இதனை மெய்ப்பித்தார். எருக்கின் சுற்றத்தைச் சேர்ந்த பாற்செடியில் வளர்ந்த மொனார்க்கைத் தின்ற நீலநிறப் பறவை வாந்தியெடுத்தது. முட்டைக்கோசுத் தழையில் வளர்க்கப்பட்டதைத் தின்ற பறவைக்கு ஒன்றும் நேரவில்லை. பூச்சியைக் காத்தது அது தின்ற செடியே.

முன்னர் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் பின்புறத்தில் ஓர் எருக்கு நின்றது. ஏழாம் வகுப்பு மாணவர்கள் அதில் பதினான்கு புழுக்களை எண்ணி, நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிவந்தனர். ஆய்வுக்குழு வருகிறது என்பதற்காக, வளாகத்தைத் தூய்மை செய்தவர்கள் அச்செடியை அடியோடு வெட்டிவிட்டனர். மாணவர்கள் தப்பிய புழுக்களைத் தேடியெடுத்து, செம்பருத்தி இலை, முருங்கை இலை, கீரை என்று கைக்கு எட்டியதையெல்லாம் வைத்துப் பார்த்தனர். ஒன்றையும் அவை தொடவில்லை. வாடிய எருக்கிலை இருந்தவரை தின்றன. அதன்பின் ஒவ்வொன்றாக இறந்தன. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாணவி, "இன்று புழு இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தாள். சில வாரங்களில் அடிக்கட்டையிலிருந்து எருக்கு மீண்டும் துளிர்த்தது. அவ்வாண்டு அதில் முட்டையைக் காணவில்லை.

வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்று பெயர்ப்பலகை வைத்து, இட்லிப்பூவையும் உன்னிச்செடியையும் வரிசையாக நட்டுவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். தேன் பருக வரும் பூச்சிகளுக்கு அது போதும். ஆனால் அவை அங்கே விருந்தினர் மட்டுமே. முட்டையிட இலை வேண்டும். அந்த இலை அந்தந்த இனத்திற்கு உரியதாக இருத்தல் வேண்டும்.

எருக்கை வளர்ப்பது கடினமன்று. முற்றிய விதையிலிருந்து பஞ்சை நீக்கி, மணல் மிகுதியாகக் கலந்த மண்ணை இட்ட பையில் மேலாக ஊன்றினால் முளைக்கும். தண்டை வெட்டி, பால் உலர்ந்தபின் நட்டாலும் வேர்விடும். இப்பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், நீர் தேங்குவதே எருக்குக்கு நேரும் பெரிய இடர். ஆகையால் மண்ணை மேடாக்கி, நாள் முழுவதும் வெயில் படும் ஓரத்தில் நடவேண்டும். உரம் தேவையில்லை. ஒன்றுக்கு மூன்றாக நடுவது நல்லது. ஒன்றை மொட்டையாகத் தின்று முடித்தாலும் புழுவுக்கு அடுத்த செடி இருக்கும்.

மஞ்சள் நிற அசுவினிப் பூச்சிகள் தளிர்களில் மொய்க்கும். அதைக் கண்டு அஞ்சி மருந்து தெளித்தால் புழுவும் மடியும், வேப்பெண்ணெயும் வேண்டா. பொறிவண்டுகள் வந்து அசுவினியைத் தின்னும்வரை பொறுத்திருங்கள். எருக்கம்பூவில் மகரந்தம் துகளாக இராமல் சிறு பொதிகளாக இருக்கும். பூவுக்கு வரும் பெரிய கருவண்டின் காலில் அப்பொதி மாட்டிக்கொண்டு அடுத்த பூவை அடைகிறது. தச்சுத்தேனீ எனப்படும் இக்கருவண்டு உலர்ந்த மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும். ஆகவே தோட்டத்தின் மூலையில் காய்ந்த கட்டை ஒன்று கிடக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். கிளையை ஒடிக்கும் வேலையைப் பெரியவர்களே கையுறை அணிந்து செய்யவேண்டும். பால் பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். தவறிப் பட்டுவிட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நாற்றங்கால்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அழகிய பாற்செடி ஒன்று கிடைக்கிறது. வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும், புழுவும் உண்ணும். எனினும் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்க நாட்டின் வெப்பமான தென்பகுதிகளில் தோட்டங்களில் நட்ட இச்செடி குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நிற்பதால், மொனார்க்குகள் வலசை போகாமல் அங்கேயே தங்குவதும், அவற்றைத் தாக்கும் ஒட்டுண்ணி பெருகுவதும் அறியப்பட்டுள்ளன. நம் ஊரின் பூச்சிக்கு அவ்வாறே நேரும் என்று கூறவில்லை. வீட்டு வாசலில் விலையின்றி முளைப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடலுக்கு அப்பாலிருந்து வந்ததைப் பணம் கொடுத்து வாங்குவது எனக்கு விளங்காத செயல்; அவ்வளவே.

எருக்கின் சுற்றத்தில் வேறு செடிகளும் உண்டு. வேலிப்பருத்தியின் இலையையும் வெந்தய வரியனின் புழு உண்ணும். நாம் சர்பத்தாகப் பருகும் நன்னாரியிலும், அரளியிலும் வளர்வது வெண்புள்ளிக் கருப்பன். வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் ஒளிரும் அதன் கூட்டுப்புழுவை ஒருமுறை கண்டவர் மறவார். மலையாளத்தில் வட்டக்காக்கக்கொடி எனப்படும் பெருங்குறிஞ்சான் நீல வரியனுக்கு உரியது. இப்பூச்சிகளுள் ஆண்கள் கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் தேடி வந்து, காய்ந்த தண்டுகளில் கூட்டமாக மொய்த்து ஒருவகைச் சாற்றை உறிஞ்சும். பெண்பூச்சியைக் கவரும் மணத்தை அதிலிருந்தே அவை உண்டாக்குகின்றன. காய்ந்துவிட்டது என்று அச்செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் மழைக்காலத்தை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே கூட்டமாக வலசை போகின்றன. வழியில் தங்கிச் செல்ல அவற்றுக்கு இத்தகைய புதர்கள் வேண்டும்.

பழந்தமிழர் எருக்கை மறந்தாரல்லர். புறநானூற்றின் 106ஆம் பாடலில் பாரியின் கொடையைப் பாடவந்த கபிலர், எளிய எருக்கம்பூவையும் தெய்வம் ஏற்கும் என்பதை உவமையாக்கினார். இன்றும் பிள்ளையார் சதுர்த்தியன்று எருக்கமாலை விலைக்கு வருகிறது. மறுநாள் அதே செடி களையாகிவிடுகிறது.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் உள்ள எருக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இலையைப் பறிக்காமல், குனிந்து அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். குண்டூசித் தலையளவு வெண்புள்ளி ஒன்று தென்பட்டால் அன்றைய நாளைக் குறித்துவையுங்கள்.

சொல்லும் பொருளும்

கையாலை – மண்ணால் எழுப்பிய எல்லை வரப்பு. விளை – மேட்டுநிலத் தோட்டம். வலசை – பருவத்திற்கேற்ப இடம்பெயர்தல். அசுவினி – தளிரின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. நாற்றங்கால் – நாற்று வளர்க்கும் இடம்.

வினாக்கள்

1. 'தப்பு' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் எவ்வாறு பொருள் வேறுபடுகிறது? இவ்வாறு ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் வேறு இரண்டு சொற்களை எழுதுக.
2. தாய்ப்பூச்சி தனக்குரிய இலையை எவ்வாறு அறிகிறது?
3. மாணவர்கள் கொடுத்த இலைகளைப் புழுக்கள் உண்ணாமைக்குக் காரணம் யாது?
4. "அவை அங்கே விருந்தினர் மட்டுமே" – இத்தொடரை விளக்குக.
5. பிரித்து எழுதுக: எருக்கம்பால், உயிர்வேலி, கூட்டுப்புழு.

செயல்பாடு

உங்கள் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம், முன்பு வேலியில் நின்ற செடிகொடிகளின் பெயர்களைக் கேட்டுத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவருக. இன்றும் காணக்கூடியவற்றுக்கு எதிரே ஒரு கோடிடுக.